ஒற்றை இன்ஜினும் கார்த்திகை மேகமும்

அக்கா மகன் விமானி ஆகப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பணம் எப்படிப் புரட்டுவது, எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது, கண்ணாடி போட்டவனை எடுப்பார்களா என்று ஆளுக்கொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மட்டும் ஒரே கேள்வியில் நின்றார்.

"பழகுற வண்டிக்கு ஒத்த இஞ்சினுதானாமே? நடு வானத்துல நின்டுபோச்சுன்னா பிள்ள என்னப்பா செய்வான்?"

நியாயமான கேள்வி. பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வியும் இதுதான். விமான விபத்து விசாரணை அறிக்கைகளை வாசிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம் என்பதால், பெரியப்பாவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அவர் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை, தினமும் பார்க்கிறார்கள்.

எங்கள் ஊர் போளூர். திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூர் இல்லை. இது கொடைக்கானல் மேல்மலை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் கடந்து வர வேண்டும். சரிவெல்லாம் அடுக்கடுக்காக வெட்டிய வயல், பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். இங்கே மேகம் தலைக்கு மேலே போகாது. தெருவுக்குள் வரும், பள்ளிக்கூடத்துக்குள் வரும். ஐந்து நிமிடம் முன்பு எதிர்ச்சரிவில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த ஆட்கள் இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் இருக்கும். ஜீப் ஓட்டுகிறவர்கள் "மேகம் எறங்கிருச்சு" என்று ஓரங்கட்டி நிற்பார்கள். நிற்க முடிகிறது என்பதுதான் ஜீப்புக்கும் விமானத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

முதலில் இன்ஜின் கதையை முடித்துவிடுகிறேன்.

சிறு விமானத்தின் இன்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போல விழாது. இறக்கை அப்படியேதான் இருக்கிறது. மூக்கைச் சற்றே தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினால் சறுக்கிக்கொண்டே போகும். உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் செஸ்னா 172. 1956 முதல் இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள், நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளிலும் அதுதான் நிறைய. இன்ஜின் இல்லாமல் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது சுமார் ஒன்பது கிலோமீட்டர் சறுக்கிப் போகும். சமவெளியில் ஒன்பது கிலோமீட்டருக்குள் ஒரு கரம்பு, ஒரு காய்ந்த கண்மாய், ஒரு நேரான சாலை அகப்பட்டுவிடும். 2025 நவம்பர் 13 அன்று அப்படித்தான் நடந்தது. திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அம்மாசத்திரம் பக்கம் ஒரு செஸ்னா பயிற்சி விமானம் அவசரமாகச் சாலையிலேயே இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுச் சூழ்ந்து நின்று படம் பிடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

மறுநாளே தாம்பரத்தை அடுத்து விமானப்படையின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் ஒன்று விழுந்தது. அதுவும் ஒற்றை இன்ஜின்தான். விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து தப்பினார். பயிற்சிப் பள்ளியின் செஸ்னாவில் அந்த வசதி கிடையாது, பாராசூட்டும் கிடையாது. அதனால் அங்கே இறங்கும் கலையைத்தான் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். இன்ஸ்ட்ரக்டர் சொல்லாமல் கொள்ளாமல் திராட்டிலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, "இன்ஜின் போச்சு, எங்கே இறங்கப் போறே?" என்று கேட்பார். மாணவன் வேகத்தைச் சரி செய்து, காற்று வரும் திசை பார்த்து, ஒரு வயலைத் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும்.

அந்த இன்ஜினையும் லேசாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. ஒன்று போனாலும் இன்னொன்று எரிய வைக்கும். பேட்டரி முழுக்கச் செத்தாலும் இன்ஜின் ஓடும். பிறகு ஏன் நிற்கிறது? பெரும்பாலும் மனிதர் கைபட்ட காரணங்களால். எண்ணெய், அதாவது பெட்ரோல், தீர்ந்துபோவது அதில் முக்கியமானது. கேட்கவே நம்ப முடியாது, ஆனால் அறிக்கைகளில் இது வந்துகொண்டே இருக்கிறது. முள் காட்டியது என்று நம்பிக் கிளம்புவார்கள், குச்சி விட்டு அளந்திருக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் ஒரு இறக்கையில் எண்ணெய் இருக்கும், திருப்பி வைத்த குழாய் காலியான இறக்கையைக் காட்டிக்கொண்டிருக்கும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது இந்த வகை. அவர் ஓட்டிய லாங்-ஈசி விமானத்தில் எண்ணெய்த் தொட்டியை மாற்றும் கைப்பிடி அவருடைய இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்ப உடம்பை வளைத்தபோது தெரியாமல் காலால், திசை திருப்பும் ரடரை மிதித்துவிட்டார் என்பது விசாரணையின் முடிவு.

எண்ணெயில் தண்ணீர் கலப்பதும் உண்டு. பாதி காலியான தொட்டி ஈரமான இரவில் வெளியே நின்றால் உள்சுவரில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் விமானி ஒவ்வொரு முறையும் இறக்கைக்குக் கீழே ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார். விமானப் பெட்ரோல் வெளிர் நீலம், தண்ணீர் நிறமில்லாமல் அடியில் தங்கும். இரண்டு நிமிட வேலை. அவசரத்தில் விட்டுப்போவது இந்த இரண்டு நிமிடம்தான்.

இன்ஜினைப் பற்றி மலைக்காரன் தனியாகச் சொல்ல வேண்டியது கார்புரேட்டர் பனி. பழைய செஸ்னாக்களிலும் சின்ன 152-லும் கார்புரேட்டர்தான். அதன் குறுகிய வாய் வழியே காற்று பாயும்போதும், பெட்ரோல் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பநிலை சட்டென்று இருபது டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். வெளியே ஈரக் காற்று என்றால் அந்த ஈரம் உள்ளே பனிக்கட்டியாகப் படிந்து இன்ஜினின் தொண்டையை அடைக்கும். வெளியே உறைகுளிர் வேண்டியதில்லை. பத்து முதல் இருபது டிகிரி குளிரும், கையை நீட்டினால் நனையும் காற்றும் இருந்தால் போதும். கொடைக்கானலில் வருடத்தின் பாதி நாள் இந்த வானிலைதானே. மருந்து காக்பிட்டிலேயே இருக்கிறது. ஒரு குமிழை இழுத்தால் சூடான காற்று கார்புரேட்டருக்குப் போகும். சிக்கல் என்னவென்றால், இழுத்தவுடன் உருகிய நீர் இன்ஜினுக்குள் போய் அது இருமும், சத்தம் கெடும். பழகாதவர் பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடுவார். இருமட்டும் என்று விட்டுவைக்கத் தெரிந்தவர் தப்புவார்.

இவ்வளவு சொன்ன பிறகும் பெரியப்பா விடவில்லை. "ரெண்டு இஞ்சின் இருந்தா இத்தன வம்பு இல்லல்ல?" என்றார். அப்போதுதான் அவரிடம் மூன்று தேதிகளைச் சொன்னேன்.

1950 டிசம்பர் 13. ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்து ரங்கசாமி மலையில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை.

1971 டிசம்பர் 9. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் மதுரைக்கு இறங்கத் தொடங்கிய நேரத்தில் சின்னமனூர்ப் பக்கத்து மலையில் மோதியது. பகல் நேரம்தான், ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியாத மூட்டம். 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். எங்கள் மலைக்கும் அந்த மலைக்கும் நடுவே கம்பம் பள்ளத்தாக்குதான் இருக்கிறது.

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்குத் திசையுணர்வு தப்பியது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே தரையில் மோதியது என்று முப்படை விசாரணைக் குழு சொன்னது.

மூன்றுக்கும் இரண்டிரண்டு இன்ஜின். ஓட்டியவர்கள் தொழில்முறை விமானிகள், கற்றுக்குட்டிகள் இல்லை. தேதியைக் கவனியுங்கள். மூன்றும் கார்த்திகை மாதத்தின் கடைசிப் பகுதி. வடகிழக்குப் பருவமழையின் வால் மலைச்சரிவில் தேங்கிக் கிடக்கும் நாட்கள். அந்த நாட்களில் எங்கள் பெண்கள் துணி காயப்போடவே யோசிப்பார்கள். மூன்றை வைத்துக் கணக்குப் போட்டு விதி சொல்ல முடியாது என்பது தெரியும். ஆனாலும் இந்தத் தேதிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஹெலிகாப்டரையும் பயணி விமானத்தையும் ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், சிறு விமானத்தின் உயிர்ச்சேத விபத்துகளில் மிகக் கொடியதும் இதே வகைதான். கண்ணால் பார்த்து ஓட்டப் பழகிய விமானி, கண் தெரியாத இடத்துக்குள் போய்விடுவது.

மேகத்துக்குள் போனால் என்ன ஆகிறது? நம் உட்காதில் திரவம் நிறைந்த மூன்று வளைகுழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது திரவம் பின்தங்கும், மூளைக்குத் திருப்பம் தெரியும். ஆனால் ஒரே சீராக மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் இருபது விநாடியில் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். காது "நேராகப் போகிறோம்" என்று சொல்லிவிடும். விமானமோ சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருக்கும். விமானி கருவியைப் பார்த்து நிமிர்த்தினால், இப்போது எதிர்ப்பக்கம் சாய்கிறோம் என்று காது கத்தும். காதை நம்பி மறுபடி பழைய பக்கமே சாய்ப்பார். உயரம் குறைகிறதே என்று மூக்கைத் தூக்க இழுப்பார். சாய்ந்திருக்கும் விமானத்தில் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். மேகத்தின் அடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது தரை அருகில் இருக்கும்.

இதை 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத இருபது பேரை எடுத்து, வெளியே தெரியாதபடி செய்து ஓட்ட விட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தார்கள் தெரியுமா? 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. ஒருவர் இருபதாவது விநாடியிலேயே இழந்தார்.

ஜான் எஃப். கென்னடியின் மகன் 1999 ஜூலை 16 இரவில் மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு தன் பைப்பர் சரட்டோகாவில் கடல் மேல் போனார். மேகம்கூட இல்லை, புழுக்க மூட்டம்தான். நிலா வெளிச்சமோ கரை விளக்குகளோ சரியாகத் தெரியாத கடல் இருட்டு. அடிவானம் மறைந்ததும் அதே சுழல். விசாரணையின் முடிவும் அதே திசையுணர்வுத் தவறுதல். இன்ஜின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் வாரம் மத்தியப் பிரதேசத்தின் ரீவாவில் ஒரு பயிற்சி விமானம் இரவுப் பனிமூட்டத்தில் கோயில் கோபுரத்திலும் மின்கம்பியிலும் மோதியது. கற்றுக்கொடுத்தவர் இறந்தார், கற்றுக்கொண்டிருந்தவர் காயத்தோடு தப்பினார்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் போகிறார்கள்? இதற்குக் கோத்தகிரி விபத்திலேயே ஒரு விடை இருக்கிறது. அந்த டகோட்டாவில் இறந்தவர்களில் ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர். இந்தியாவில் சொற்பொழிவுப் பயணமாக வந்தவர். இரண்டாம் உலகப் போரில், குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களை ஆராய்ந்து எங்கே கவசம் போடலாம் என்று பார்த்தவர்களில் அவர் முக்கியமானவர். திரும்பி வந்த விமானங்களில் எங்கே துளைகள் அதிகமோ அங்கே கவசம் போடலாம் என்பது யாருக்கும் தோன்றும் எண்ணம். அந்த இடத்தில் அடிபட்டும் அவை திரும்பியிருக்கின்றன, துளையில்லாத இடத்தில் அடிபட்டவைதான் திரும்பவில்லை, கவசம் அங்கேதான் வேண்டும் என்ற கோணத்தைக் காட்டியது அவருடைய கணக்கு. அப்படிப்பட்டவர் நம் நீலகிரியில் மேகம் மூடிய மலையில் முடிந்துபோனார் என்பதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

விமானிகள் கூடும் இடத்தில் "நான் எத்தனையோ தடவை இந்த மாதிரி மூட்டத்துல பூந்து வந்திருக்கேன், ஒண்ணும் ஆகல" என்று பெருமையாகப் பேசும் மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பூந்து வராதவர்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடியாது. இளம் பிள்ளைகளின் காதில் விழுவது தப்பித்தவர்களின் கதை மட்டுமே. வால்டின் கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. அக்கா மகனிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: "மாப்ள, தப்பிச்சவன் சொல்றத மட்டும் கேட்டுப் பழகாத."

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கண்ணால் பார்த்து ஓட்டும் விதிப்படி போகிற விமானத்துக்கு முன்னால் குறைந்தது ஐந்து கிலோமீட்டர் தெரிய வேண்டும். மேகத்திலிருந்து பக்கவாட்டில் ஒன்றரை கிலோமீட்டரும் மேலும் கீழும் ஆயிரம் அடியும் விலகி இருக்க வேண்டும். போளூரில் நின்றுகொண்டு இந்த விதியைப் படித்தால் வருடத்தில் எத்தனை மதியங்கள் தேறும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். காலையில் பளிச்சென்று இருக்கும். பத்து பதினோரு மணிக்குக் கீழே பழனி, உடுமலைச் சமவெளி சூடாகும், காற்று சரிவேறும், மேலே வந்ததும் மேகமாகத் திரளும். காலையில் கிடைத்த வானத்தை நம்பி மதியத்துக்குக் கிளம்புவதில்தான் ஆபத்து.

மலை இன்னொரு வேலையும் செய்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. எங்கள் வீடுகளில் பருப்பு வேக ஏன் நேரமாகிறதோ, குக்கர் இல்லாமல் ஏன் கதை நடக்காதோ, அதே காரணம்தான். ஏழாயிரம் அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். வெயில் ஏறினால் அதுவும் குறையும். இன்ஜினுக்கு மூச்சு குறைகிறது, விசிறி பிடித்து இழுக்கக் காற்று குறைகிறது, இறக்கையைத் தாங்கும் காற்றும் குறைகிறது. கடற்கரை ஓடுதளத்தில் துள்ளி எழும் விமானம் இங்கே முனகிக்கொண்டு எழும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். பழனியிலிருந்து கொடைக்கானல் சாலையில் அறுபது கிலோமீட்டருக்கு மேல், நேர்கோட்டில் இருபத்தைந்துகூட இல்லை. பழனி சுமார் 325 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். மலைக்கு மேல் ஆயிரம் அடி இடைவெளியும் சேர்த்தால் விமானம் ஏற வேண்டியது கிட்டத்தட்ட 6,900 அடி. ஆள் ஏற்றிய செஸ்னா 172 சராசரியாக நிமிடத்துக்கு ஐநூறு அடி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் பதினான்கு நிமிடம் வேண்டும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் முப்பத்திரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். அதாவது பழனியிலிருந்து மலையைப் பார்த்து நேராகக் கிளம்பினால், தேவையான உயரம் கிடைக்கும் முன்பே மலை வந்துவிடும். சமவெளியிலேயே வட்டமடித்து உயரம் வாங்கிக்கொண்டுதான் மலைப்பக்கம் திரும்ப வேண்டும். பள்ளத்தாக்கு வழியாக ஏறிவிடலாம் என்று உள்ளே நுழைந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் நெருங்கி வரும், திரும்ப இடமிருக்காது. நுழைந்தாலும் நடுவில் போகக் கூடாது, ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் போனால்தான் திரும்ப முழு அகலமும் கிடைக்கும் என்று மலைப்பறப்பு பழக்குகிறவர்கள் சொல்வார்கள். காற்று மோதும் பக்கத்தில் மேலே தூக்கும், மறுபக்கத்தில் கீழே அமுக்கும். அமுக்கும் காற்றின் வேகம் செஸ்னாவின் ஏறும் வேகத்தை விட அதிகமாக இருக்கும் நாட்களும் உண்டு.

இந்த மெல்லிய காற்றோடு அவசரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1996 ஏப்ரல் 11 சாட்சி. ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி அமெரிக்காவைக் குறுக்கே பறந்து கடக்கப்போகிறாள் என்று தொலைக்காட்சிகள் துரத்திக்கொண்டிருந்த நேரம். வயோமிங்கின் ஷயான் விமான நிலையம் சுமார் 1,880 மீட்டர் உயரம், எங்கள் மேல்மலையின் உயரத்துக்கு நெருக்கம். இடிமழை வந்துகொண்டிருந்தது. அளவுக்கு மீறிய எடை. ஒற்றை இன்ஜின் செஸ்னா 177 எழுந்த சற்று நேரத்திலேயே வேகம் இழந்து விழுந்தது. குழந்தை, தகப்பனார், இன்ஸ்ட்ரக்டர் மூவரும் இறந்தார்கள். செய்தியாளர்களுக்குக் கொடுத்த நேரத்தைக் காப்பாற்றும் நெருக்கடியும் ஒரு காரணம் என்று விசாரணை எழுதியது. மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இந்த விபத்தைப் பற்றி எழுத எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

வேகம் இழப்பது என்று சொன்னேனே, அதைத்தான் விமானிகள் ஸ்டால் என்கிறார்கள். இன்ஜின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறினால் தூக்கும் விசை உடைந்துவிடும். செஸ்னா 172 நேராகப் போகும்போது வேகம் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டராகக் குறையும் வரை தாங்கும். அறுபது டிகிரி சாய்த்துத் திருப்பினால் அந்த எல்லை 41 சதவீதம் ஏறிவிடும். உயரத்தில் நடந்தால் மூக்கைத் தாழ்த்திச் சரி செய்துவிடலாம். தரைக்கு அருகில் அதற்கு இடமில்லை.

அதனால்தான் எழும் நிமிடமும் இறங்கும் நிமிடமும் இவ்வளவு ஆபத்தானவை. எழுந்தவுடன் இன்ஜின் தடுமாறினால் பின்னால் விட்டுவந்த ஓடுபாதைக்குத் திரும்பிவிட மனம் துடிக்கும். குறைந்த உயரத்தில் கூர்மையாகத் திருப்பியவர்கள் பலர் திரும்பி முடிக்கவில்லை. நேராக முன்னால் தெரியும் புதரிலோ வயலிலோ இறக்கியவர்கள் விமானத்தை உடைத்துக்கொண்டு உயிரோடு வந்திருக்கிறார்கள். நடிகை சௌந்தர்யாவை நாம் இழந்தது எழும் கட்டத்தில்தான். 2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு ஜக்கூரிலிருந்து தேர்தல் பிரசாரத்துக்குக் கிளம்பிய ஒற்றை இன்ஜின் செஸ்னா 180, நூறு அடி போல எழுந்து பக்கத்து வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்தது. நான்கு பேரும் இறந்தார்கள். 'படையப்பா' வந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது.

தாழ்ந்த உயரத்தில் வித்தை காட்டுவதும் ஒரு காரணம். 1980 ஜூன் 23 காலை டெல்லி சஃப்தர்ஜங்கிலிருந்து பிட்ஸ் விமானத்தில் கிளம்பிய சஞ்சய் காந்தியும் உடன் போன கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் இறந்தது, தாழப் பறந்து கரணம் போட்டபோது. அந்த விமானம் கரணம் போடுவதற்கென்றே செய்தது. உயரம் மட்டும் போதவில்லை.

பழைய காலத்தில் விமானமே துரோகம் செய்தது உண்டு. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்ததும் ஒற்றை இன்ஜின் பஸ் மாத் விமானத்தில். அந்த ரக விமானங்கள் சில அதே வருடங்களில் உலகின் பல இடங்களில் இறக்கை முறிந்து விழுந்தன. இறக்கையைத் தாங்கும் கம்பத்தின் அதிர்வுதான் காரணம் என்று கண்டுபிடித்துப் பலப்படுத்தினார்கள். அந்த மாதிரிச் சாவுகள் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டன. குறையாமல் நிற்பது, கிளம்பலாமா வேண்டாமா என்று ஒரு மனிதர் தரையில் நின்று எடுக்கும் முடிவு.

ஆகவே பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் பள்ளியில் எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வானிலை சரியில்லை என்று ஒரு மாணவன் பறக்க மறுத்தால் அவனுக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மணிக்கணக்குக்குப் பணம் கட்டி, மழைக்காலத்தில் வாரக்கணக்கில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும், தேதி நெருங்கும் இன்ஸ்ட்ரக்டருக்கும் மூட்டம் கொஞ்சம் மெலிந்தாலே போதும் என்று தோன்றிவிடும். இன்று வேண்டாம் என்று சொன்னவனைக் கோழை என்று கிண்டல் செய்யும் இடத்தில் சேர்க்காதீர்கள். தெரியாமல் மேகத்துக்குள் போய்விட்டால் கருவியில் செயற்கை அடிவானத்தை மட்டும் பார்த்து, மெதுவாகச் சாய்த்து, வந்த வழியே நூற்றெண்பது டிகிரி திரும்புவதை எத்தனை முறை பழக்குவார்கள் என்று கேளுங்கள். ஒரு முறை செய்து காட்டி நோட்டில் எழுதிவிட்டால் போதாது, கை தானாகச் செய்யும் வரை பழக வேண்டும்.

இன்னொன்று. விமான விபத்துகளை விசாரிக்க 2012-இல் மத்திய அரசு தனியாக ஒரு விசாரணைப் பிரிவை ஏற்படுத்தியது. அதன் இறுதி அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். அக்கா மகன் இப்போது வாரத்துக்கு ஒன்று வாசிக்கிறான், புரியாத இடத்தில் எனக்குப் போன் போடுகிறான். விழுந்த நிமிடத்தை விட, கிளம்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பற்றிய பக்கங்களை முதலில் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று காலை வானிலைக் குறிப்பு என்ன சொன்னது, அதை யார் பார்த்தார்கள், தொட்டியில் எவ்வளவு எண்ணெய், எடைக் கணக்கு போட்டார்களா, விமானி கடைசியாக எப்போது தூங்கினார், யார் எங்கே காத்துக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.